முதுமையில் இதயத்தின் மேலறைகள்

இதயத்தின் மேலறைகளான ஆரிக்கிள்களை, இரத்தம் வந்து சேரும் இடம் என்றே நாம் பாடத்தில் படிக்கிறோம். இளமையில் அவை சுருங்குமுன்பே பெரும்பகுதி இரத்தம் தானாகக் கீழறைக்கு இறங்கிவிடுகிறது. வயது ஏற ஏறக் கீழறைச் சுவர் விறைத்துப்போவதால், மேலறை வலிந்து தள்ள வேண்டியிருக்கிறது. இவ்வுழைப்பால் இடது மேலறை விரிகிறது. தசையிழைகளுக்கிடையே கொலாஜன் என்னும் நார்ப்பொருள் படிகிறது. படியேறும்போது துடிப்பும் வேண்டிய அளவு விரைவதில்லை. (பாட்டி நின்று நின்று ஏறுவதைக் கண்டு நாம் சிரித்திருக்கிறோமே!)

நார் படிந்த தசையில் மின்தூண்டல் சிதறினால், மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்திற்கு 350 முறைக்கு மேல் நடுங்கும். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம் உண்டாகும். சிலருக்கு முன்னறிகுறியே இராது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் மட்டும், நாடி தாறுமாறாக ஓடுவது நமக்குத் தெரியும்.