தீபத் திருநாளும் வீட்டு நாயும்

திருவண்ணாமலையில் ஓசைக்கும் கூட்டத்துக்கும் பஞ்சாங்கம் உண்டு. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை விடிய விடிய நிறைக்கும் மக்கள் வெள்ளமும், தீபாவளி வெடியும், கொடியேற்றத்தில் தொடங்கிப் பத்தாம் நாள் அதிகாலையில் பரணி தீபமும் மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் மகாதீபமுமாக உச்சம் பெறும் கார்த்திகைப் பெருவிழாவும் எந்தெந்த நாளில் வரும் என்பது ஊராருக்குப் பல மாதங்கள் முன்பே தெரியும். அவர்கள் வீட்டில் வளரும் நாய்க்கும் பூனைக்கும்தான் தெரியாது. வடகிழக்குப் பருவமழையின் இடியும் இதே காலத்தில் சேர்ந்துகொள்வதால், ஐப்பசியும் கார்த்திகையும் இவ்வூர்ச் செல்லப்பிராணிகளுக்குக் கடினமான மாதங்களாகின்றன. நாள் முன்கூட்டியே தெரியும் என்பதே வளர்ப்பவரின் கையில் உள்ள பெரும் வசதி. ஆனால் பெரும்பாலோர் முதல் வெடி வெடித்த பிறகே அதைப் பற்றி எண்ணத் தொடங்குகின்றனர்.

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும் என்றால், நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரையும், பூனையின் செவி 60,000க்கு மேலும் எட்டுகிறது. வெடித்த இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபெலுக்கு மேல் ஒலி எழுப்பும் பட்டாசு இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. அந்த வரம்புக்கு உட்பட்ட வெடியே மனிதரைத் திடுக்கிடச் செய்யும் நிலையில், எங்கிருந்து, எதற்காக, எப்போது வருகிறது என்று அறியாத விலங்குக்கு அது உயிருக்கு வந்த ஆபத்தாகவே தோன்றுகிறது. அப்போது உடல் அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகளை வெளியிட்டு, ஓடவோ எதிர்க்கவோ தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. சரவெடியைப் போல ஓசை அடுத்தடுத்து வரும்போது அந்தக் கிளர்ச்சி தணிய இடமே கிடைப்பதில்லை.

அச்சத்தின் அடையாளங்கள் நடுக்கமும் ஓலமும் மட்டுமல்ல. வெயில் இல்லாதபோதும் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது, வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொள்வது, கட்டிலடியில் சுவரோடு ஒண்டிக்கொண்டு, வழக்கமாகத் தாவி வாங்கும் பிஸ்கட்டை மூக்கருகே நீட்டினாலும் முகர்ந்துகூடப் பாராமல் இருப்பது ஆகியவையும் அதன் குறிகளே. குறிப்பாக, விருப்பமான தீனியை மறுப்பது அச்சம் முற்றிவிட்டதைக் காட்டும். பூனையோ ஓசையின்றி மறைந்துவிடும் என்பதால், அதன் துன்பம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதே இல்லை.

ஆகவே விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே, தெருவை ஒட்டாத உள்ளறையில் ஒரு மூலையை ஒதுக்கி, விலங்கின் மணம் படிந்த பழைய போர்வையை விரித்து, நாள்தோறும் அங்கேயே சிறிது தீனி வைத்து, அவ்விடத்தை அதற்கு உரியதாக்க வேண்டும். பூனைக்குப் பரணோ பீரோவின் மேற்பகுதியோ பொருந்தும், ஏனெனில் அது உயரத்தில் இருக்கும்போதே பாதுகாப்பை உணர்கிறது. புகலிடத்தின் வாயிலை அடைக்கக் கூடாது; தானாக வரவும் போகவும் முடிந்தால்தான் அது புகலிடம், இல்லையேல் கூண்டு. பட்டாசு வெடிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் விதித்த இரண்டு மணி நேர வரம்பைத் தமிழக அரசு தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை எனப் பிரித்து அறிவித்தது. விதி அப்படியிருக்க நள்ளிரவிலும் வெடி கேட்பது வேறு கதை. எனினும் இருட்டும் முன்பே நாயை உலவவிட்டு, உணவளித்து, சன்னல்களை மூடி, மின்விசிறியோ தொலைக்காட்சியோ ஓடவிட்டால் வெளியோசையின் கூர்மை மழுங்கும். வாசலில் சங்கிலியால் கட்டிவைப்பது மிகக் கொடிது. ஓட முடியாத நாய் தன் கழுத்தையே நெரித்துக்கொள்ளக்கூடும்.

வெடியோசைக்குப் பழக்கும் முன்பயிற்சிக்கு அடிப்படை, மணியோசையும் உணவும் தொடர்ந்து சேர்ந்து வந்தால் மணியோசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று காட்டிய ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுகளாகும். பதிவு செய்த வெடியோசையை முதலில் காதில் விழுந்தும் விழாததுமாக ஒலிக்கவிட்டு, அப்போதே சுவையான தீனி கொடுத்து, நாய் அமைதியாக இருந்தால் மட்டுமே மறுமுறை ஒலியைச் சற்று உயர்த்த வேண்டும். இதனைப் புரட்டாசிக்கு முன்பே தொடங்குவது நலம். விழா நாளன்று தொடங்கினால் தீமையே மிஞ்சும்.

விலங்குகள் மனிதரோடு அச்சமின்றி வாழ முடியும் என்பதற்கு இவ்வூரிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. மலையின் தென்னடிவாரத்தில் உள்ள ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கும், அருகிலேயே மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் உள்ளன. 1926இல் கன்றாக வந்த லட்சுமி 1948 ஜூன் 18 வரை அங்கே வாழ்ந்தது. ரமணர் உணவு வேளையில் முதலில் நாய்களுக்கும் பின்னர் யாசகர்களுக்கும் இறுதியாக அடியவர்களுக்கும் படைக்கச் செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அணில்கள் அவர் சாய்ந்திருந்த கட்டிலிலேயே ஏறி விளையாடின. அடியவர்கள் இதனை அருளின் விளைவாகக் கொள்வர். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் நேரம் தவறாத உணவும், விரட்டாத மனிதரும், தானாக நெருங்கவும் விலகவும் இருந்த உரிமையும் அங்கு வாய்த்திருந்தன என்பது கவனத்திற்குரியது. விலங்குகளின் நடத்தையை ஆராய்வோர் இன்று பரிந்துரைப்பவையும் பெரும்பாலும் இவையே.

அஞ்சும் நாயைத் தட்டிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. நாடி வந்தால் அணைத்துக்கொள்ளலாம், ஒளிந்திருந்தால் இழுக்கக் கூடாது, எந்நிலையிலும் அதட்டக் கூடாது. மனிதருக்கான தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் கொடுப்பது ஆபத்து. சாதாரணமாகக் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அசிப்புரோமசின் போன்ற சில மயக்க மருந்துகள் உடலை அசையவிடாமல் செய்தாலும் உள்ளிருக்கும் அச்சத்தைப் போக்குவதில்லை என்பதால், எந்த மருந்து, எந்த அளவு என்பதைக் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அவர் தரும் மருந்தையும் ஓசையில்லாத ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் ஆதலால், மருத்துவமனைக்குத் தீபாவளி வாரத்தில் செல்வதைவிடச் சில வாரங்கள் முன்பே செல்வது பயன் தரும்.