உரிமையா, அமானிதமா?
பழனி மலை விவசாயியும் நாட்டுத் துப்பாக்கியும்



கொடைக்கானல் என்றதும் நம் நினைவுக்கு வருவன ஏரியும் பனிமூட்டமும் குளிர்ந்த காற்றும்தாம். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சென்று, இரண்டு நாள் தங்கி, மலைப்பூண்டும் பேரிக்காயும் வாங்கிக்கொண்டு இறங்கி விடுகிறோம். அந்தப் பூண்டை விளைவித்தவர் இரவில் எப்படி உறங்குகிறார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

பயிர் முற்றும் காலத்தில் அவருக்கு உறக்கம் இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கல் பகுதிகளின் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் வயல்களிலும், கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து வாழை, காப்பித் தோட்டங்களிலும் இரவுக் காவல் இருந்தாக வேண்டும். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்தால், நான்கு மாத உழைப்பு ஒரே இரவில் கிளறி எறியப்படுகிறது. காட்டெருமை வந்தால் மிதியுண்டது போக மீதிதான் மிஞ்சும். கீழ்மலையில் யானையும் வரும். வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் அழியாமல் நிற்கும்.

அந்த விவசாயியின் உள்ளத்தில் ஓர் ஆசை எழுகிறது: “கையில் ஒரு துப்பாக்கி இருந்தால்!” இந்த ஆசை நியாயமானதா? ஆயுதம் தாங்குவது மனிதனின் உரிமையா? சற்றே சிந்திப்போம்.

ஆயுதம் பறிக்கப்பட்ட வரலாறு

இம்மலையடிவாரம் ஆயுதத்தின் கதையை நன்கறியும். 1772-ல் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்குப் புகலிடம் அளித்தது இங்குள்ள விருப்பாட்சிப் பாளையம். திண்டுக்கல்லில் அவருக்கு ஆதரவுக் கரம் நீட்டியவர் ஹைதர் அலி. பின்னர் கும்பினியாரை எதிர்த்துக் களம் கண்ட விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில், தென்பாளையங்களின் மக்கள் ஆயுதம் தாங்குவதையே ஒழிக்கப் போவதாகச் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் செய்தார்.

1854-ல் மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களின் போர்க்கத்திகளைப் பறிப்பதற்கென்றே தனிச்சட்டம் பிறந்தது. 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. இந்தியர் உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு! வேட்டையாட வந்த துரையின் தோளில் துப்பாக்கி. பயிரிட்டவர் கையில் கவண். ஆகவே, ஆயுதக் கட்டுப்பாடு என்பதே அடிமைத்தனத்தின் சின்னம் என்று சிலர் வாதிடுவதில் வியப்பில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

விடுதலைக்குப்பின் 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு உரிமம் மறுக்கலாகாது என்றது. பயிரைக் காக்க, குழல் வாய்வழியே மருந்திட்டுக் கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கவும் இடமளித்தது. ஆக, ஏழை விவசாயியைச் சட்டம் முற்றிலும் மறந்துவிடவில்லை.

ஆயினும் மலையில் நிலைமை கடினமானது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோ மீட்டருக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். கொடைக்கானல் காடுகளில் ஏறத்தாழ 600 சதுர கிலோ மீட்டர் 2013-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே மலையூர்க்காரர் பலருக்கு உரிமம் எளிதில் எட்டாத கனி.

நேர்வழி குறுகும்போது கள்ள வழி திறக்கிறது. இரும்புக் குழாயும் கரிமருந்தும் கொண்டு இரகசியமாகச் செய்யப்படும் நாட்டுத் துப்பாக்கி, சுட்டவரின் கையிலேயே வெடிப்பதுண்டு. இருளில் அசைந்ததைப் பன்றியென எண்ணிச் சுட்டு, உடன் வந்தவரையே பலி கொடுத்த செய்திகள் தமிழக மலை மாவட்டங்களிலிருந்து அவ்வப்போது வருகின்றன. காக்க நினைத்தது பயிரை, பறிகொடுத்தது உயிரை!

2019-ல் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறை. கள்ளத்தனமாகச் செய்து விற்றால் ஏழாண்டு முதல் ஆயுள் தண்டனை வரை.

உலகம் தரும் படிப்பினை

அமெரிக்கா 1791-லேயே ஆயுதம் தாங்கும் உரிமையைத் தன் அரசியல் சாசனத்தில் எழுதி வைத்தது. அங்கே பள்ளிக்கூடங்களில் பாலகர்கள் சுட்டுக் கொல்லப்படும் செய்தி நம் நெஞ்சை உலுக்குகிறது. நம் நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமையன்று என்பதை 2023-ல் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

2019 மார்ச் 15. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆத் தொழுகைக்கு வந்த நம் சகோதர சகோதரிகள் மீது, உரிமம் பெற்ற ஒருவன் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டான். 51 பேர் ஷஹீதானார்கள். ஒரு மாதத்திற்குள் அந்நாட்டு நாடாளுமன்றம் இத்தகைய துப்பாக்கிகளைத் தடை செய்தது. உரிமச் சீட்டு மட்டும் போதாது. எத்தகைய ஆயுதம் எவர் கையில் என்பதே கேள்வி.

மார்க்கம் காட்டும் வழி

நம் மார்க்கம் ஆயுதத்தை முற்றாக விலக்கவில்லை. அதன் ஒழுக்கத்தைக் கற்பித்தது. அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடப்பவர் அவற்றின் கூர்முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதைத் தடுத்தார்கள். விளையாட்டாகக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என எச்சரித்தார்கள். ஆயுதம் வைத்திருப்பவரின் விருப்பத்தைவிட, அருகில் இருப்பவரின் உயிர் பெரிது என்பதே இவற்றின் உட்பொருள். அந்த வகையில் ஆயுதம் உரிமையன்று, அமானிதம்.

பயிர் இழந்தவருக்கு என்ன வழி? திருக்குர்ஆனின் அல்அன்பியா அத்தியாயத்தில், இரவில் ஆடுகள் புகுந்து மேய்ந்த விளைநிலத்தின் வழக்கு கூறப்படுகிறது. ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடத் தாவூத் (அலை) அவர்கள் தீர்ப்பளிக்க, நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆடுகளின் பயனை மட்டும் அவர் அனுபவிக்கட்டும் என்று சுலைமான் (அலை) அவர்கள் தீர்த்தார்கள் என விரிவுரையாளர்கள் விளக்குவர். இழந்தவருக்கு முழு ஈடு கிடைத்தது; எவரும் அழியவில்லை.

காட்டு விலங்குக்கு உரிமையாளர் இல்லை. அதைக் கொல்லாதே என்று சட்டமிட்ட அரசே அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டும். கேரள அரசு 2022-ல், பயிரழிக்கும் பன்றிகளை உரிமம் உள்ளவர்கள் மூலம் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. தமிழக அரசு 2025 ஜனவரியில், காப்புக்காட்டுக்கு மூன்று கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுட வழிவகுத்தது. ஒரு கிலோ மீட்டருக்குள் சுடக் கூடாது, இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விடவேண்டும் என்றது. பழனி மலையிலோ, பல வயல்களின் வரப்பிலேயே காடு தொடங்கிவிடுகிறது! அங்குள்ளவருக்குத் தேவை உறுதியான வேலியும், அடுத்த விதைப்புக்கு முன் கையில் கிடைக்கும் இழப்பீடும்தான். துப்பாக்கியைக் கீழே வை என்று சொல்லும் அரசு, இவ்விரண்டையும் தந்தாலன்றி அதன் சொல் அரை நீதியாகவே நிற்கும்.

நம் இல்லத்திலிருந்து

சகோதரர்களே! மலையூர்களில் உங்கள் உறவினரோ வியாபாரத் தொடர்புள்ளவரோ நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால், தக்க வழக்கறிஞரைக் கலந்து அதை ஒப்படைக்கச் சொல்லுங்கள். சேதமுற்ற பயிருக்கு உடனே வனத்துறையிடம் மனுக் கொடுக்கத் துணை நில்லுங்கள். மான், முயல் இறைச்சி ஹலால்தானே என்று ஆசை காட்டுவோரிடம், சட்டத்தை மீறிச் சிறை செல்லும் வழியை மார்க்கம் காட்டவில்லை என்று எடுத்துரையுங்கள்.

தாய்மார்களே! பெருநாள் காசில் பிள்ளைகள் வாங்கும் பொம்மைத் துப்பாக்கியைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டும்போது, சிரித்து விட்டுவிடாதீர்கள். அந்தப் பிஞ்சுக் கையை மெல்லத் தாழ்த்தி, பெருமானார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையைக் கதையாகச் சொல்லிக் கொடுங்கள். அமானிதத்தின் முதல் பாடம் அங்கே தொடங்கட்டும்.