உங்களுக்குத் தெரியுமா? கன்டெய்னரை உலகம் சுற்ற வைத்தது ஒரு பூட்டு!

1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 கன்டெய்னர்களோடு அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் முயற்சி அது. சரக்குப் போக்குவரத்தையே அந்தப் பெட்டி மாற்றிவிட்டது என்பார்கள். அது பாதி உண்மைதான். லாரி, ரயில், கப்பல், கிரேன் நான்கும் ஒரே பெட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே! அதைச் சாத்தியமாக்கியவர் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர். பெட்டியின் எட்டு மூலைகளிலும் துளையுள்ள எஃகு வார்ப்பு. அதற்குள் நுழைந்து, திரும்பி, இறுகும் ‘ட்விஸ்ட்லாக்’ பூட்டு.

1963இல் அந்தப் பூட்டின் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த மெக்லீன் விட்டுக்கொடுத்தார். சர்வதேசத் தரநிலை அதைத் தழுவியே உருவானது. போட்டியாளருக்குத் தூக்கிக் கொடுத்தால் நஷ்டம்தானே என்று கேட்கலாம். ஆனால், கம்பெனிக்கு ஒரு பூட்டு என்றிருந்தால் எந்தத் துறைமுகம் துணிந்து கிரேன் வாங்கியிருக்கும்? அவரது சீ-லேண்ட் நிறுவனமும் நொடித்துப்போகவில்லை. 1969இல் சுமார் 53 கோடி டாலருக்கு விலைபோனது. பொதுவில் வைத்த பூட்டு நிலைத்தது. அவர் தன் கப்பல்களுக்கென்று வைத்திருந்த 35 அடிப் பெட்டியோ வழக்கொழிந்தது. இன்று துறைமுகங்களில் பெரும்பாலும் 20 அடியும் 40 அடியும்தான்.