விலகி நின்று வரிசையாகும் தூசுகள்

தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்ததாலோ என்னவோ, ஒரு வெப்பநிலையைத் தொட்ட கணத்தில் உறைதல் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் நமக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உண்மையில் குளிர்வது வேறு, ஒழுங்குக்கு வருவது வேறு. முன்னது சட்டென்று முடிந்துவிடலாம். பின்னதற்கு நெடுநேரம் பிடிக்கும். உப்பிலும் இரும்பிலும் இதை அணு அணுவாக நேரில் பார்ப்பது மிகக் கடினம். அணுக்கள் அத்தனை சிறியவை, அவற்றின் அசைவு அத்தனை வேகம். ஆனால் தூசு கலந்த பிளாஸ்மாவில், அதுவும் ஒரே அடுக்காக மிதக்கும் தூசில், ஒவ்வொரு துகளும் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதை வீடியோவிலேயே பின்தொடரலாம்.

அமைப்பு எளியதுதான். காற்றை வெளியேற்றிய கலத்தில், வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆர்கான் வாயுவை விட்டு, 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுக்கிறார்கள். வாயு ஒளிர்ந்து பிளாஸ்மாவாகிறது. அதற்குள் 9 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளைத் தூவுகிறார்கள். எலக்ட்ரான்கள் அயனிகளைவிட வெகு வேகமாக ஓடுவதால் அவையே முதலில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஓர் உருண்டைமேல் 10,000 எலக்ட்ரான்கள் அளவுக்கு எதிர்மின்னூட்டம் சேர்ந்துவிடும். புவியீர்ப்பு கீழே இழுக்க, கீழ் மின்முனைக்கு அருகிலுள்ள மின்புலம் மேலே தள்ள, இரண்டும் சமமாகும் உயரத்தில் உருண்டை நின்றுவிடுகிறது. எல்லா உருண்டைகளும் ஒரே எடை என்பதால் எல்லாம் ஒரே தளத்தில் மிதக்கின்றன. பக்கவாட்டில் பரப்பிய லேசர் ஒளியில் மேலிருந்து பார்த்தால், சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இப்படியொரு படிகம் உருவாகலாம் என்று இயற்பியலாளர் இகேஸி 1986-இல் கணித்தார். 1994-இல் ஜெர்மனியின் கார்ஷிங், ஜப்பானின் கியோட்டோ, தைவான் ஆகிய மூன்று இடங்களில் தனித்தனிக் குழுக்கள் அதைக் கண்டுகாட்டின.

ஒன்றையொன்று விலக்கும் துகள்கள் எப்படிப் படிகமாகும் என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. படிகம் என்றதும் ஒட்டும் விசையைத் தேடுகிறோம். இங்கே அது தேவையே இல்லை. ஓரங்களிலுள்ள மின்புலம் துகள்களைச் சிதறவிடாமல் உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த எல்லைக்குள் ஒவ்வொன்றும் மற்றவற்றிலிருந்து இயன்றவரை விலகி நிற்க முயல்கிறது. அப்படி முயலும்போது ஒவ்வொன்றுக்கும் ஆறு அண்டைத் துகள்கள் அமைவதே ஆற்றல் மிகக் குறைந்த ஏற்பாடு. விலக்கும் ஆற்றல் வெப்ப அசைவின் ஆற்றலைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் உறைவதைத் தீர்மானிக்கிறது. திரவ ஹீலியத்தின்மேல் மிதக்கும் எலக்ட்ரான்கள் உறையும் இடத்தில் அந்த மடங்கு ஏறத்தாழ 137 என்று கிரைம்ஸும் ஆடம்ஸும் 1979-இல் அளந்தார்கள். தூசில் மின்னூட்டம் மிகப் பெரிது என்பதால் அறை வெப்பத்திலேயே அந்த எல்லையைத் தாராளமாகக் கடந்துவிடலாம்.

கடந்துவிட்டால் மட்டும் படிகம் முழுமையாகிவிடுமா? கார்ஷிங் குழு 2007-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குறுகிய மின்துடிப்பால் படிகத்தை உருக்கி, அது மீண்டும் உறைவதைப் பதிவுசெய்தார்கள். வாயுவின் உராய்வு துகள்களின் அசைவை விரைவில் அடக்கிவிடுகிறது. பிசகுகள் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. ஐந்து அண்டைத் துகள்கள் கொண்ட ஒன்றும் ஏழு கொண்ட ஒன்றும் ஒட்டி நிற்கும் இணைகளே அந்தப் பிசகுகள். அவை வரிசையாகச் சேர்ந்து, வெவ்வேறு திசையில் ஒழுங்கான பகுதிகளுக்கு நடுவே எல்லைக்கோடாக நிற்கின்றன. வாசலின் இரு கோடியிலிருந்தும் இருவர் தனித்தனியே கோலத்துக்கு ஊடுபுள்ளி வைத்துக்கொண்டு வந்தால் அவரவர் பக்கம் சரியாகவே இருக்கும், நடுவில்தான் வரிசைகள் பொருந்தாது. அதே சங்கடம்தான் இங்கேயும். 2010-இல் ஹார்ட்மன் குழு, பத்து லட்சம் துகள்கள் கொண்ட கணினி மாதிரியையும் சோதனையையும் ஒப்பிட்டு இதை இன்னும் கூர்மையாக்கியது. முதல் கட்டத்தில் தனித் துகள்கள் இடம் தேடி அமர்கின்றன. அப்போது பகுதியின் அகலம் ஏறத்தாழ நேரத்துக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. அடுத்த கட்டத்தில் சிறு படிகங்கள் கூட்டாக இடம் மாறி, ஒன்றோடொன்று இணைய வேண்டியிருக்கிறது. நேரத்தின் அடுக்கு 0.93-இலிருந்து 0.38 ஆகச் சரிந்துவிடுகிறது. படிகமாவதில் பெரும்பகுதி நேரம் இந்த இரண்டாம் கட்டத்துக்கே செலவாகிறது என்பதுதான் என் வாதத்துக்கு வலுவான சான்று.

இரண்டு பரிமாணத்தில் படிகமே இருக்க முடியாதே என்று இயற்பியல் படித்தவர்கள் கேட்கலாம். பையர்ல்ஸும் பின்னர் மெர்மினும் காட்டியது அதுதான்: வெப்ப அசைவால் தொலைதூரத் துகள்களின் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறிப்போகும். ஆனால் அந்தத் தவறு தூரத்தின் மடக்கையைப்போல் மிக மெதுவாகவே கூடுகிறது. சில ஆயிரம் துகள்கள் கொண்ட தட்டில் அது ஒழுங்கைக் கெடுக்கப் போதாது. வரிசைகளின் திசை தொலைவிலும் மாறாமல் நிலைக்கும் என்பதையும் 1968-இல் மெர்மினே சொல்லிவிட்டார்.

அதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இங்கே அயனிகள் ஓயாமல் கீழ்நோக்கிப் பாய்கின்றன. ஒவ்வொரு தூசுக்கும் அடியில் நேர்மின்னூட்டம் திரள்கிறது. அது பக்கத்துத் துகளை இழுக்கிறது. இதனால் இரு துகள்களும் ஒன்றின்மேல் ஒன்று செலுத்தும் விசை சமமாக இருப்பதில்லை. பாயும் அயனிகளின் ஆற்றல் படிகத்தின் அதிர்வலைகளில் ஏறி அதையே உருக்கிவிடலாம் என்று ஐவ்லெவும் மார்ஃபிலும் 2001-இல் கணித்தார்கள். 2010-இல் அது நேரடியாகவே பார்க்கப்பட்டது. அப்படி உருகுவதைக் கொண்டு சாதாரணத் திண்மங்கள் உருகும் விதத்தை விளக்க முற்படுவது தவறு என்பதை ஏற்கிறேன். எனினும் வாயு அழுத்தத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்தினால் உராய்வு அந்த அலைகளை அடக்கிவிடுகிறது. மேலே சொன்ன கணினி மாதிரியில் இருந்தது தூரத்தோடு விரைவில் மங்கும், திரையிடப்பட்ட விலக்கு விசை மட்டுமே, அயனி ஓட்டம் இல்லை. அதிலும் அதே இரண்டு கட்டங்கள் வந்தன என்பதால், அந்த மெதுவான இரண்டாம் கட்டத்தை அயனிகளின் கணக்கில் எழுத முடியாது.