ஒரே மோட்டார்... அஞ்சு தொட்டி!

கலர் மீன் கடை வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்துட்டு, 'இதெல்லாம் காசுள்ளவங்க சமாச்சாரம்'னு பெருமூச்சோட திரும்பி வர்ற ஆளா நீங்க? கொஞ்சம் நில்லுங்க பாஸ்! தர்மபுரி மாவட்டத்துல இருக்கீங்கன்னா ஒண்ணு இல்ல, அஞ்சு தொட்டியே வைக்கலாம். உங்க பாக்கெட் மணி தாங்கும். ஆனா, கடைசியில ஒரு கண்டிஷன் இருக்கு!

தண்ணிக்கு ஏத்த மீன்

வீட்டுல வெந்நீர் வைக்கிற பாத்திரத்துல வெள்ளையா உப்பு படியுதா? அப்போ உங்க போர் தண்ணி கடின நீர். அதுல நியான் டெட்ரா, டிஸ்கஸ்னு ஆசைப்பட்டா, பர்ஸும் காலி, மீனும் காலி. கப்பி, மோலி, பிளாட்டி மூணுக்கும் அந்தத் தண்ணிதான் கொண்டாட்டம். முட்டை போடாம நேரா குட்டி போடுற ஜாதி இது. கப்பி கிட்டத்தட்ட மாசம் ஒரு தடவை குட்டி போடும். ஒரு ஆண், மூணு பெண் வாங்கினா போதும். மீதித் தொட்டிகளை அதுங்களே நிரப்பிடும்!

2013-ல தொடங்கிவெச்ச ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்க தெருவுக்கு வருதா? அதுல குளோரின் இருக்கும். பக்கெட்ல பிடிச்சு, ஒரு நாள் திறந்து வெச்ச பிறகு ஊத்துங்க.

கரன்ட் கணக்கு

தொட்டிக்கு ஒரு 10 வாட் பவர் ஃபில்டர்னா, அஞ்சுக்கு 50 வாட். ராப்பகலா ஓடினா ரெண்டு மாசத்துக்கு 72 யூனிட். பில் வந்ததும் அப்பா தொட்டியைத் தூக்கி வெளியே வெச்சிடுவார்! அதுக்குப் பதிலா 10 வாட் ஏர் மோட்டார் ஒண்ணு, காத்தை அஞ்சா பிரிக்கிற வால்வு, தொட்டிக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். மொத்தமே 14.4 யூனிட். மோட்டாரைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க. இல்லைன்னா கரன்ட் போனதும் டியூப் வழியா தண்ணி இறங்கி மோட்டார் அவுட்!

இன்னொரு கணக்கு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில பிடிக்கிற தண்ணி மட்டுமே 56 கிலோ. புக் ஷெல்ஃப்ல அடுக்கிடாதீங்க!

முதல் தொட்டிதான் கஷ்டம்

தொட்டி வாங்கின அன்னிக்கே மீனைக் கொட்டினா, ஒரே வாரத்துல மிதக்கும். மீன் கழிவு அம்மோனியாவா மாறும். அது விஷம். அதை நைட்ரைட்டாவும், பிறகு அவ்வளவா ஆபத்தில்லாத நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஸ்பாஞ்ச்ல வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆனா ரெண்டாவது தொட்டிக்கு அந்தக் காத்திருப்பு இல்ல. புது ஸ்பாஞ்சைப் பழைய தொட்டியில சில வாரம் ஓடவிட்டு எடுத்து மாட்டினா, வேலை முடிஞ்சது! ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவாதீங்க. குளோரின் பாக்டீரியாவைக் கொன்னுடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியே போதும்.

அந்தக் கண்டிஷன்

ஆறு மாசத்துல அஞ்சு தொட்டியும் நிரம்பிடும். அப்போ ஒரு நல்ல மனசு சொல்லும்: 'பாவம், ஏரியில விட்டுடலாமே!' ப்ளீஸ், வேண்டாம். கடையில 'டேங்க் கிளீனர்'னு விரல் நீளத்துல விக்கிற மீன், தென் அமெரிக்காவோடது. ஒரு அடிக்கு மேல வளரும். தொட்டி பத்தாம யாரோ விட்டது, இன்னிக்கு தமிழ்நாட்டு ஏரிகள்ல பெருகிக் கிடக்கு.

நம்ம காவிரிப் படுகையில மட்டுமே வாழுற திமில் மஹ்சீர்னு ஒரு பிரமாண்ட மீன் இருக்கு. 2018-ல அதை 'மிக அருகிய இனம்' பட்டியல்ல சேர்த்தாங்க. வேற நதியோட மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில கொண்டுவந்து விட்டதும் அதுக்கு ஒரு காரணம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதையும் நல்ல எண்ணத்துலதான் விட்டாங்க!

அதனால ஆண், பெண் குட்டிகளைச் சின்னதுலயே தனித்தனி தொட்டிக்கு மாத்துங்க. மிச்சத்தை ஜூனியருக்குக் கொடுங்க, கடைக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க.

அடுத்த தடவை ஒகேனக்கல் போறப்ப மீன் வறுவல் சாப்பிடுங்க, அருவியில குளிங்க. கையில பாலித்தீன் கவர்ல மட்டும் எதையும் கொண்டுபோயிடாதீங்க!