கோடை விடுமுறை: முகாமுக்குக் கொஞ்சம், வீட்டுக்கு மிச்சம்

ஏப்ரலில் தேர்வு முடிவதற்கு முன்பே அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. அபாகஸ், நீச்சல், கீபோர்டு, ரோபாட்டிக்ஸ், செஸ், கையெழுத்துப் பயிற்சி எனத் தெருமுனைத் தட்டியிலும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் பட்டியல் நீள்கிறது. காலை ஏழு மணிக்கு நீச்சல், பத்து மணிக்கு ஓவியம், மாலை ஐந்து மணிக்குக் கராத்தே என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு கால அட்டவணை தயாராகிறது.

இதற்காகப் பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒன்றரை மாதம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு முகாம்தான் கைக்கெட்டும் பதில். வீட்டில் விட்டால் நாள் முழுக்கச் செல்போனிலேயே கிடக்கும் என்ற கவலையும் நியாயமானது. ஆனால் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளை எப்படி வளர்கிறது என்று பார்த்த ஆய்வுகள் நமக்கு இன்னொன்றையும் சொல்கின்றன. முகாமில் சில மணி நேரம் நல்லதுதான். அதைவிட அவசியமானவை இரண்டு: பிள்ளை தானே முடிவெடுக்கிற நேரம், வீட்டாரோடு பேசிக்கொண்டே ஏதாவது வேலை செய்கிற நேரம். இவை இரண்டையும் எந்தக் கட்டணம் கட்டியும் வெளியே வாங்க முடியாது.

ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்கு?

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் யூகோ முனகாட்டாவும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். ஆறு, ஏழு வயதுள்ள 70 பிள்ளைகள். ஒரு வாரத்தில் பிள்ளை எந்த நேரத்தில் என்ன செய்தது என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பு, பயிற்சி, வீட்டுப்பாடம் போலப் பெரியவர்கள் வகுத்துக் கொடுத்த நேரம் ஒரு பக்கம். தன்னிஷ்ட விளையாட்டு, குடும்பத்தோடு வெளியே போவது, படிப்பது, வரைவது போன்ற நேரம் மறுபக்கம் எனப் பிரித்துக் கணக்கிட்டார்கள்.

பிறகு பிள்ளைகளுக்கு ஓர் எளிய சோதனை. ஒரு நிமிடத்தில் தெரிந்த விலங்குகளின் பெயர்களை எல்லாம் சொல்ல வேண்டும். நாய், பூனை, பசு என்று வீட்டு விலங்குகளில் ஆரம்பித்த பிள்ளை, அந்த வரிசை தீர்ந்ததும் தானாகவே காட்டு விலங்குகளுக்கோ கடல் விலங்குகளுக்கோ தாவ வேண்டும். 'இப்போது மாற்று' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தன்னிஷ்ட நேரம் அதிகமாக இருந்த பிள்ளைகள் இதில் நன்றாகச் செய்தார்கள். வகுத்துக் கொடுத்த நேரம் அதிகமாக இருந்தவர்கள் பின்தங்கினார்கள். என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்ட வேறொரு சோதனையில் இந்த வேறுபாடு தெரியவில்லை.

ஒன்றை மனதில் நிறுத்துவது, உந்துதலை அடக்குவது, வேண்டும்போது வழியை மாற்றுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததைச் செயல்நிர்வாகத் திறன் என்கிறது உளவியல். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. அது முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதுக்கும் மேல் ஆகும். 70 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு காரணத்தை நிரூபித்துவிடாது. தன்னிஷ்ட நேரமும் இந்தத் திறனும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதைத்தான் அது காட்டுகிறது. என்றாலும் அது சுட்டும் திசை முக்கியமானது. சொன்னதைச் செய்யப் பழகுவது ஒரு திறன். அடுத்து என்ன செய்வதென்று தானே யோசிப்பது வேறொரு திறன். இரண்டாவது திறன் வளர வேண்டுமென்றால், "அம்மா, போரடிக்குது" என்று பிள்ளை வந்து நிற்கும் நேரத்தை உடனே நிரப்பாமல் இருக்க நமக்குப் பொறுமை வேண்டும்.

கோலிக் குண்டும் நியாயமும்

சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே குழந்தைகளின் நியாய உணர்வு பற்றி 1932இல் எழுதிய நூல் கோலி விளையாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. கோலி ஆடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்டு அவர் ஆடினார். இந்த விதிகளை யார் போட்டது, மாற்றலாமா என்று விசாரித்தார். சின்னப் பிள்ளைகளைப் பொறுத்தவரை விதி பெரியவர்கள் போட்டது, அதைத் தொடக்கூடாது. பத்து வயதைத் தாண்டியவர்களோ, எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். நியாயம் பற்றிய புரிதல் சமவயதுக்காரர்களோடு மோதி, பேசி, விட்டுக்கொடுத்து வளர்கிறது என்ற முடிவுக்கு பியாஜே வந்தார்.

நம் தெருவிலும் இதைப் பார்க்கலாம். பயிற்சி முகாமில் அவுட்டா இல்லையா என்று பயிற்சியாளர் விசில் ஊதிச் சொல்லிவிடுவார். தெருவில் ஆடும்போது அதற்குப் பத்து நிமிடம் வாதம் நடக்கும். சுவர் தாண்டிப் போனால் அவுட், ஒரு பிட்ச் பட்டுப் பிடித்தாலும் அவுட் என இடத்துக்குத் தகுந்த விதிகளை அவர்களே போட்டுக்கொள்வார்கள். நான்கு வயதுத் தம்பி அழுதால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு, அவன் மட்டும் அவுட் ஆனாலும் ஆடலாம் என்பார்கள். ஆட்டம் நடக்க வேண்டும், யாரும் கோபித்துக்கொண்டு போய்விடக்கூடாது என்ற இரண்டையும் சமாளிக்கிற இந்த வேலையைப் பாடத்திட்டம் போட்டுக் கற்பிக்க இயலாது.

கடைசி நாள் பதக்கம்

பெரும்பாலான முகாம்கள் சான்றிதழும் பதக்கமும் கொடுத்து முடிகின்றன. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஏற்கெனவே வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு, வரைந்தால் விருது உண்டு என்று முன்பே சொல்லப்பட்டது. இரண்டாம் குழுவுக்கு வரைந்த பிறகு எதிர்பாராமல் விருது கிடைத்தது. மூன்றாம் குழுவுக்கு விருதே இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், விருதுக்காக வரைந்த பிள்ளைகள் மற்ற இரு குழுவினரைப் போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

பரிசே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. பிள்ளை தானாக விரும்பிச் செய்வதற்குக் கூலி நிர்ணயித்தால் விருப்பம் குறையக்கூடும் என்பதே இதன் செய்தி. வகுப்பில் சேர்த்த பிறகு "இன்னிக்கு எத்தனை பக்கம் முடிச்சே?" என்று கேட்பதை விட்டு, "எது பிடிச்சிருந்துது?" என்று கேட்டாலே பெரிய மாற்றம்.

மொட்டை மாடியில் ஒரு வகுப்பு

மே மாதம் வடாம் போடும் மாதம். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டுக் கிளறி, உப்பு, பச்சை மிளகாய் விழுது, பெருங்காயம் சேர்த்து, இறக்கி ஆறியதும் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கூழ் தயார். வெயில் ஏறுவதற்குள் மாடியில் பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். காக்கை விரட்டுவது பிள்ளைகளின் வேலை. பாதி காய்ந்த வடாமை எடுத்துத் தின்பது அதற்குச் சம்பளம். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது பேச்சு ஆரம்பமாகும்.

"ஏன் பாட்டி தண்ணி தெளிக்கிறீங்க?"

"அப்பத்தான் துணியை விட்டு வரும் கண்ணு."

"தண்ணியெல்லாம் போகத்தானே வெயில்ல வச்சோம்?"

"ஆமா. இப்ப துணி மட்டும்தான் நனையுது. நாளைக்குத் தாம்பாளத்துல போட்டு மறுபடி காயவைப்போம். நீ உரிச்சுப் பாரு, கிழியாம வருதான்னு."

இந்த நான்கு வரிகளுக்கு மூளையில் என்ன மதிப்பு என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரேச்சல் ரோமியோவும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள 36 பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் நடக்கும் பேச்சைச் சிறிய ஒலிப்பதிவுக் கருவியால் பதிந்தார்கள். பிள்ளை கதை கேட்கும்போது அதன் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசுவது எந்த வீட்டில் அதிகமோ, அந்த வீட்டுப் பிள்ளைக்கு மொழியைக் கையாளும் பிராக்கா பகுதி கூடுதலாக இயங்கியது. பிள்ளையின் காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட இந்தக் கேள்வியும் பதிலுமான பரிமாற்றமே முக்கியமாக இருந்தது. பெற்றோரின் வருமானம், படிப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்தத் தொடர்பு நீடித்தது.

கூடமாட வேலை செய்வதிலும் ஒரு கல்வி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா ரோகாஃப், குவாத்தமாலாவின் மாயா மக்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். அவரும் மரிசெலா கொரேயா சாவேஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிள்ளைக்குப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கும்போது உடன்பிறந்த இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். மரபு வழக்கங்கள் மாறாத மாயா குடும்பத்துப் பிள்ளைகள், தங்களுக்குச் சொல்லாத அந்தப் பாடத்தையும் கூர்ந்து கவனித்தார்கள். பிறகு தாங்கள் செய்யும்போது அமெரிக்கப் பிள்ளைகளைவிடக் குறைந்த உதவியே அவர்களுக்குத் தேவைப்பட்டது. பெரியவர்களின் வேலையில் சின்ன வயதிலிருந்தே இடம் பெறும் பிள்ளை, பார்த்தே கற்கிறது என்கிறார் ரோகாஃப். வடாம் போடுவதும் ஊறுகாய்க்கு மாங்காய் துடைப்பதும் தாத்தாவோடு சைக்கிளுக்குக் காற்றடிப்பதும் இந்த வகைப் படிப்புதான். பிள்ளை செய்தால் நேரமாகும், பாதி சிந்தும். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் நாம் கட்டும் கட்டணம்.

முகாம் எதற்கு வேண்டும்?

வீட்டில் கிடைக்காததைக் கொடுக்கும் முகாம் அவசியம் வேண்டும். முதலில் நிற்பது நீச்சல். கிணற்றிலும் குளத்திலும் ஆற்றிலும் பிள்ளைகள் மூழ்கும் செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீரில் பாதுகாப்பாக இருக்கும் முறையும் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒற்றைப் பிள்ளையாக வளர்பவருக்குச் சமவயதுத் தோழர்கள் கிடைப்பதும் பெரிய லாபம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டங்களில் கோடைக்காலப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது.

அளவு என்ன? விளையாட்டுப் பயிற்சிக்கு எளிதாக நினைவில் வைக்க ஒரு கணக்கு உண்டு. சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகத்தில் நீரு ஜெயந்தியும் குழுவினரும் ஏழு முதல் 18 வயது வரையுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். தன் வயதைவிட அதிக மணி நேரம் வாரந்தோறும் பயிற்சி எடுத்தவர்களுக்கு, ஒரே தசையையும் எலும்பையும் திரும்பத் திரும்ப வருத்துவதால் வரும் கடுமையான காயங்கள் கூடுதலாக இருந்தன. அதாவது எட்டு வயதென்றால் வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்குள். பயிற்சி நேரம் தன்னிஷ்ட விளையாட்டைப் போல இரு மடங்கைத் தாண்டினாலும் ஆபத்து கூடியது.

உறக்கத்தையும் விட்டுவிடக்கூடாது. ஆறு முதல் 12 வயது வரை ஒன்பதிலிருந்து 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம். இரவு பதினொன்றுக்குத் தூங்கும் பிள்ளையை ஆறு மணி வகுப்புக்கு எழுப்புவது, வகுப்பில் கிடைப்பதையும் சேர்த்து இழப்பதாகும். வெயிலுக்கும் கணக்கு உண்டு. மதியம் 12 முதல் மூன்று மணி வரை வெளியே வேண்டாம். ஆனால் காலையிலும் மாலையிலும் வெளிச்சத்தில் ஆடவேண்டும். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஆறு பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் அங்கே கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம்.

நேரமில்லாத பெற்றோருக்கு

வேலைக்குப் போகும் அம்மாக்கள் இதைப் படித்துக் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. சமூகவியலாளர் மெலிசா மில்கியும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, மூன்று முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளோடு தாய் செலவிடும் மணிகளின் எண்ணிக்கைக்கும் பிள்ளைகளின் நடத்தை, மனநலம், படிப்பு ஆகியவற்றுக்கும் தொடர்பைக் காணவில்லை. மணிக்கணக்கு முக்கியமில்லை என்றால் அந்த நேரம் எப்படிப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். செல்போன் அறைக்கு வெளியே இருக்க, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடும் அரை மணி நேரமே நல்ல தொடக்கம். அதில் அப்பாவுக்கும் சம பங்கு உண்டு.

அட்டவணை போடும்போது வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் தூக்கத்தை எழுதுங்கள். அடுத்து, யாரும் எதுவும் சொல்லாமல் பிள்ளை ஆடுவதற்கான இரண்டு மணி நேரத்தை எழுதுங்கள். மூன்றாவதாக, வீட்டு வேலைகளில் பிள்ளைக்கென ஒரு பொறுப்பு. நான்காவதாக, பாட்டி வீட்டில் ஒரு வாரம். இவற்றுக்குப் பிறகு மிஞ்சும் இடத்தில் ஒரு வகுப்பைப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முகாமை விட்டால் வழியில்லை என்றால், மூன்று வகுப்புக்கு அலையவிடாமல், ஓடி ஆட இடமும் நேரமும் கொடுக்கிற ஒரே முகாமில் சேர்த்துவிடுங்கள். ஆறு வயதில் அபாகஸ் கற்காத பிள்ளை பத்து வயதில் கற்றுக்கொள்ளலாம். ஆறு வயதுக் கோடையில் பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அந்தக் கோடையில்தான் கேட்க முடியும்.