விருந்துக்கு முன் ஒரு வினாத்தாள்

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை, வெள்ளவத்தையில் உள்ள எம் இல்லத்துத் தொலைபேசி ஒலித்தது. "ஐயா, குலுக்கலில் உங்கள் எண் தெரிவாகியுள்ளது. ஞாயிறன்று துணைவியாருடன் ஹோட்டலுக்கு வாருங்கள், விருந்தும் பரிசும் உண்டு" என்றார் ஒரு பெண்.

கொட்டாஞ்சேனையில் வாழும் என் மைத்துனர் இத்தகைய விருந்தொன்றை முன்னரே உண்டவர். அன்றே கையொப்பமும் இட்டவர். மூன்றாண்டாகப் பராமரிப்புப் பணம் செலுத்துகின்றார். பிள்ளைகளின் விடுமுறையில் ஒருமுறையேனும் அறை கிடைத்ததில்லை.

'டைம்ஷேர்' எனப்படும் காலப்பங்கு வாணிகம் இது. உல்லாச விடுதியில் ஆண்டுதோறும் ஒரு வாரம் தங்கும் உரிமையைப் பல்லாண்டுக்கு முன்கூட்டியே விற்பர். 1960களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் முளைத்த இவ்வழக்கம், 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனத்தின் வாயிலாகத் தமிழகத்தாருக்கும் அறிமுகமாயிற்று.

நுவரெலியாவைக் காண்பது என் இல்லாளின் நெடுநாளைய ஆசை. எனக்கோ ஓய்வு பெற மூன்றாண்டே உண்டு. சேமிப்பு மகளின் திருமணத்துக்கென வைத்தது. மறுக்கவும் மனமில்லை, ஆயத்தமின்றிச் செல்லவும் துணிவில்லை. மாணவரைப் பரீட்சைக்கு அனுப்புபவன் தானும் படித்தே செல்லவேண்டும் அன்றோ?

கொப்பியில் வினாக்களை வரைந்தேன். வாங்குவது சொத்தா, வெறும் உரிமையா? வேண்டிய வாரத்தில் அறை கிடைக்குமென எழுதித் தருவரா? ஆண்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா? அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தாக உயரின் 15 ஆண்டில் இருமடங்கைக் கடந்துவிடும். என் மறைவின்பின் அக்கடன் யாரைச் சாரும்?

வங்கி அட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். எது கூறினும் அன்று கையொப்பமிடுவதில்லை என இருவரும் உறுதி பூண்டோம்.

ஒன்றரை மணி எனப்பட்டது மூன்று மணியாயிற்று. வாய்மொழி விடைகள் இனிமையாக வந்தன. "எழுதித் தருக" என்றபோதோ, "இவ்விலை இன்றைக்கு மட்டுமே, ஐயா" என்பதே மறுமொழி.

ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் இத்தகைய ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் கைவிடும் உரிமையை வாங்குவோர்க்கு வகுத்தது. 2009இல் அதனை 14 நாளாக்கியது. மனம் ஆறியபின் பிறக்கும் அறிவுக்கு அச்சட்டம் இடமளிக்கின்றது. திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகையோ, செயலுக்கு முன்னரே ஆராயச் சொல்கின்றது. பின்னர் வருந்துவதினும் முன்னர் வினவுவது எளிது.

சித்திரை விடுமுறையில் நுவரெலியாவில் மூன்று நாள் அறை வாடகைக்கு எடுத்தோம். இல்லாள் குளிரில் நடுங்கிக்கொண்டே மகிழ்ந்தாள். மைத்துனரின் குடும்பமும் உடன் வந்தது. அவ்வாரமும் அவருக்கு விடுதியில் இடம் கிடைத்திலது.